கள்ள உறுதியும் மாதத்தின் 15ஆம் திகதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கள்ள உறுதி (பொய்யான காணிப் பத்திரம்) பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் ஊர் மூன்று பேரைத் திட்டுகிறது: விற்றவனை, தரகரை, உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தி முடித்த நொத்தாரிசை. அந்த நொத்தாரிசை மேற்பார்க்க வேண்டியவர் யார், எந்தக் கடதாசியை வைத்து, எந்தத் திகதியில் அந்த மேற்பார்வை நடக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. காணி வாங்கும் விற்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இன்று நொத்தாரிசாக நியமனம் பெறுகிறவர்கள் சட்டத்தரணிகள். ஆனால் ஒரே ஆள் இரண்டு தொப்பி போட்டிருக்கிறார். நீதிமன்றத்தில் வழக்காடும்போது அவரைக் கட்டுப்படுத்துவது உயர் நீதிமன்றம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி ஏமாற்று, தொழிற்கேடு, குற்றம் ஆகியவற்றுக்காக ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயர் நீக்கவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதே ஆள் மேசையில் உறுதி முடிக்கும்போது 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசு கட்டளைச்சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். அங்கே அவருடைய கணக்கைப் பார்ப்பது பதிவாளர் நாயகத் திணைக்களமும், மாவட்டத்தில் அதன் கையாக இருக்கும் காணிப் பதிவகமும். உறுதியில் பிழை நடந்தவர்கள் பலர் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு மட்டும் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உறுதி சம்பந்தமான முறைப்பாட்டின் ஒரு பிரதி பதிவாளர் நாயகத்துக்கும் போக வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி ஆகிய நான்கும் இல்லாத முறைப்பாடு எங்கே போனாலும் நகராது.

1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் நொத்தாரிசுக்கான விதிகள் வரிசையாக இருக்கின்றன. நூறாண்டு தாண்டிய சட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. எழுதியவர்களுக்குக் கள்ளனின் மூளை எப்படி ஓடும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உறுதி மூன்று பிரதிகளாக எழுதப்படுகிறது. மூல உறுதி வாங்கியவருக்கு. இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு. மூன்றாவது நொத்தாரிசின் சொந்தக் கோவையில் இருக்கும். ஒவ்வொரு உறுதிக்கும் அவர் தொடர் இலக்கம் இட வேண்டும். ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் இணைப்பிரதிகளையும், அவற்றின் பட்டியலை இரண்டு படிகளிலும், அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளரின் கையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இந்த 15ஆம் திகதி வெறும் அலுவலக ஒழுங்கென்று நினைப்பவர்கள் பலர். கள்ள உறுதிக்கு எதிரான பூட்டு இதுதான். ஒரு நொத்தாரிசு தை மாதத்தில் 412 முதல் 430 வரை இலக்கமிட்ட உறுதிகளை முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். மாசி 15க்குள் பட்டியல் போய்விட்டால், தைத் திகதியிட்ட புதிய உறுதி ஒன்றைப் பின்னர் யாராலும் உள்ளே செருக முடியாது, இலக்கத்துக்கு இடமில்லை. தைப் பட்டியல் ஆனியில்தான் போகிறது என்றால் ஐந்து மாதம் கதவு திறந்து கிடக்கிறது. இலக்கம் ஒன்றை வெறுமையாக விட்டு வைத்து, காணிக்காரர் செத்த பிறகு, அவர் உயிரோடிருந்த திகதியைப் போட்டு உறுதி எழுதலாம். பிந்திய பட்டியலை ‘சரி, அடுத்த முறை நேரத்துக்குத் தாருங்கோ’ என்று வாங்கி வைக்கும் பழக்கம் எங்கே இருந்தாலும், அங்கே முற்திகதி உறுதிக்கு வழி திறந்திருக்கிறது. மேற்பார்வை என்ற பெயரில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், பதிவாளர்கள் இந்தத் திகதியை மட்டுமாவது விடாமல் பிடிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கிலிருந்து விலக்குப் பெற்றது மரணசாதனம், அதாவது உயில். அதன் இணைப்பிரதி பதிவகத்துக்குப் போகாது. எழுதியவர் உயிரோடிருக்கும்போது இரகசியம் காக்க அது நியாயமானது. ஆனால் மரணசாதனம் எந்த நொத்தாரிசின் அலுமாரியில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நொத்தாரிசு இறந்தால் அவருடைய கோவைகள் காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடம்பெயர்வுகளைக் கண்ட எங்கள் மண்ணில் அந்த ஒப்படைப்பு எல்லா வீடுகளிலும் ஒழுங்காக நடந்திருக்கும் என்று எவரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இறந்துபோன பழைய பிரக்கிராசிமாரின் (அக்காலச் சட்டத்தரணிகளின்) கோவைகள் பிள்ளைகளின் வீட்டுப் பெட்டிகளில் கறையான் தின்னக் கிடந்தால், அவற்றை இப்போதாவது பதிவகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது ஊருக்குச் செய்யும் உதவி.

இனி ஆள்மாறாட்டம். கள்ள உறுதிகளில் பெரும் சூழ்ச்சி எழுத்தில் இருப்பதில்லை. கனடாவில் இருக்கும் கந்தையாவின் பெயரில் வேறொருவர் வந்து கையெழுத்திடுவதுதான் வழக்கமான வழி. இதற்குச் சட்டம் போட்ட தடை தெளிவானது. கையெழுத்திடுபவரையும் சாட்சிகளையும் நொத்தாரிசுக்குத் தெரியாதென்றால் அவர் அந்த உறுதியை அத்தாட்சிப்படுத்தவே கூடாது. கையெழுத்திடுபவரை மட்டும் தெரியாதென்றால், சாட்சிகளில் இருவராவது அவரை நன்கு அறிந்தவர்களாக, அவருடைய சரியான பெயர், தொழில், வதிவிடம் தெரிந்தவர்களாக இருந்து, அதை உறுதியின் அடியில் எழுதி ஒப்பமிட வேண்டும். அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளையும் வாசலில் நின்ற தரகரும் சாட்சிக் கையெழுத்து வைக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் ஆளைக் கொல்கிறது. விற்பவரை முதல் நாள் பார்த்த ஒருவர் ‘நன்கு அறிவேன்’ என்று ஒப்பமிட்டால் அது பொய்ச் சாட்சி. அடையாள அட்டை பார்த்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. அட்டையையும் கள்ளமாகச் செய்யலாம், ஆளறிந்த சாட்சியைச் செய்வது அவ்வளவு இலேசல்ல.

உறுதி கையில் வந்ததும் எங்கள் ஆட்கள் காணியின் பெயரையும் பரப்பையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கடைசியில் உள்ள நொத்தாரிசின் அத்தாட்சியை எவரும் வாசிப்பதில்லை. உண்மையில் முதலில் வாசிக்க வேண்டியது அதுதான். உறுதியை வாசித்து விளங்கப்படுத்தினாரா, கையெழுத்திட்டவர் அவருக்குத் தெரிந்தவரா, அல்லது சாட்சிகளுக்கு மட்டும் தெரிந்தவரா, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருந்து ஒப்பமிட்டார்களா, எந்த இடத்தில், எந்த நாளில், விலைப்பணம் தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா, முத்திரை எவ்வளவு, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது இடையில் சேர்க்கப்பட்டது என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘விலைப்பணம் என் முன்னிலையில் கொடுக்கப்படவில்லை’ என்ற வரி பல உறுதிகளில் இருக்கும். அது குற்றமல்ல, பணம் வங்கியில் கைமாறியிருக்கலாம். ஆனால் விற்றவர் பின்னர் ‘எனக்குக் காசு வரவில்லை’ என்று வழக்குப் போட்டால் வாங்கியவரிடம் வங்கிச் சீட்டாவது இருக்க வேண்டும். பரப்பு 4 என்பதை 6 ஆகத் திருத்தியிருந்து, அந்தத் திருத்தம் அத்தாட்சியில் சொல்லப்படவில்லை என்றால், அந்த உறுதியோடு அடுத்த நாளே நொத்தாரிசிடம் போக வேண்டும். அடுத்த ஆண்டு போய்ப் பயனில்லை.

விதி மீறினால் என்ன நடக்கும் என்பதில் பெரிய மயக்கம் இருக்கிறது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, நொத்தாரிசு இந்த விதிகளை மீறினார் என்பதற்காக மட்டும் உறுதி செல்லாமற் போகாது என்கிறது. வாங்கிய அப்பாவி நொத்தாரிசின் கவனக்குறைவுக்குப் பலியாகக் கூடாது என்பதே நோக்கம். தண்டனை நொத்தாரிசுக்கு. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 2ஆம் பிரிவு கேட்பது வேறு: எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும். இது பிழைத்தால் உறுதியே இல்லை. காலையில் வீட்டில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மாலையில் கந்தோரில் சாட்சிகளிடம் வாங்கி முடித்த உறுதி, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், வழக்கில் உண்மை வெளிப்பட்ட அன்றே விழும். ‘எல்லாரும் எங்கட ஆக்கள்தானே’ என்று வீட்டுக்காரரே கேட்டுக்கொள்வதால் நடக்கும் பிழை இது. இதில் நொத்தாரிசை மட்டும் குற்றஞ்சொல்ல எங்களுக்கு மனமில்லை.

தோம்பு எனப்படும் காணிப் பதிவேட்டைப் பார்ப்பதிலும் இதே கதை. காணி சம்பந்தமான உறுதியை எழுதுமுன் நொத்தாரிசு பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். முந்திய உறுதி பதியப்பட்டிருந்தால் அந்தப் பதிவேட்டின் தொகுதியையும் பக்கத்தையும் புதிய உறுதியின் தலைப்பில் எழுத வேண்டும். தரப்பினர் ‘தேடல் வேண்டாம்’ என்றால் அதை அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு விடலாம் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. உறுதியில் அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் ஏராளம். தேடலுக்கு ஆகும் கூலியை மிச்சம் பிடித்து, ஒரு பரப்பு எத்தனையோ இலட்சம் போகும் காணியை இழப்பது எந்தக் கணக்கிலும் வராது. அந்த வரியைக் கண்டால் பேனையை மூடி வையுங்கள்.

தேடும்போது கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. எங்கள் காணிகளுக்குப் பெயர் இருக்கிறது. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் பல துண்டுகள் இருக்கும். கள்ளன் காணியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ, கிழக்கு எல்லையில் ஒரு பெயரை மாற்றியோ, பழைய பதிவோடு தொடர்பில்லாதது போல் புதிய பக்கம் திறந்து பதிவான். உண்மைக் காணிக்காரரின் பக்கத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளையாக இருக்கும். ஆகவே தோம்பைப் பெயரால் மட்டும் தேடாமல், பழைய உறுதிகளில் உள்ள பதிவிலக்கங்களைப் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். 16 பரப்பு ஓர் ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு என்ற வாய்ப்பாடு சேவையருக்கு மட்டுமல்ல, தேடுபவருக்கும் வேண்டும். பங்குகளைக் கூட்டிப் பார்த்தால் முழுக் காணியை விடக் கூடுதலாக விற்கப்பட்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். நெற்காணி என்றால் ஓர் ஏக்கருக்கு 24 பரப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த மயக்கம் எல்லாவற்றையும் விடக் கேடானது. நொத்தாரிசு இணைப்பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பிவிட்டார், ஆகவே உறுதி பதிவாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. இணைப்பிரதி கோவையில் வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். பதிவு என்பது மூல உறுதியை விண்ணப்பத்தோடும் கட்டணத்தோடும் முன்வைத்து, பதிவேட்டில் அந்தக் காணியின் பக்கத்தில் ஏற்றுவிப்பது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச்சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, பதியாத முந்திய உறுதி, பெறுமதி கொடுத்துப் பின்னர் வாங்கி முந்திப் பதிந்தவருக்கு எதிரே நிற்காது. மோசடியோ கூட்டுச்சதியோ இருந்தால் அந்த முன்னுரிமை போய்விடும். அதை நிரூபிக்க வேண்டியவர் பதியாமல் விட்ட நீங்கள். வெள்ளியில் உறுதி முடித்து, நல்ல நாள் பார்த்து அடுத்த மாதம் பதிவோம் என்று இருப்பவர் அந்த ஒரு மாதமும் சும்மா பாயில் படுத்திருக்கவில்லை, கத்தியின் மேல் படுத்திருக்கிறார். நன்கொடையாகப் பெற்றவருக்கு இந்த முன்னுரிமைப் பாதுகாப்புக் கிடையாது என்பதையும், வரி மிச்சத்துக்காக விற்பனையை நன்கொடை என்று எழுதுவிப்பவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

பதிவு, உரித்துச் சான்று அல்ல. பதிவாளர் உறுதியின் உண்மையைச் சோதிப்பதில்லை. உறுதியில் உள்ள குறையைப் பதிவு தீர்ப்பதுமில்லை. கள்ள உறுதியை நூறு முறை பதிந்தாலும் கள்ள உறுதிதான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையால் எங்கள் நொத்தாரிசுகளுக்குக் கூடுதல் வேலை உண்டு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்த விதி இன்றைக்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம். விதி இருக்கும்வரை அது இல்லாத உறுதியை வங்கி தொடாது. காணியை முதலில் வாங்கும் உரிமை பற்றிய 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்னீட்டுரிமைச் சட்டத்தின்படி பங்காளருக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் கேட்காத நொத்தாரிசிடம் தென்னிலங்கைக் காணிக்கு வேண்டுமானால் போகலாம்.

எல்லா விதியும் இருந்தும் ஏமாந்தவருக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் லண்டன் உறவினர் கேட்கும் கேள்வி சரியாக விழுகிறது: ‘எங்கட நாட்டில் லோயர் பிழை விட்டால் இன்சூரன்ஸ் குடுக்கும், அங்க ஏன் இல்ல?’

இங்கிலாந்தில் வீடு கைமாற்றும் வேலை நெடுங்காலம் சொலிசிற்றர் எனப்படும் சட்டத்தரணிகளின் தனியுரிமையாக இருந்தது. 1985ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அதை உடைத்து, வீடு காணி மாற்றும் வேலையை மட்டும் செய்யும் உரிமம் பெற்ற கன்வேயன்சர் என்ற தனித் தொழிலாளரை உண்டாக்கியது. அவர்களைக் கட்டுப்படுத்தத் தனிக் கவுன்சில் ஒன்றும் வந்தது. அது ஆளுக்கு உரிமம் கொடுப்பதோடு நிற்காமல் அவர் வேலை செய்யும் நிறுவனத்தையும் மேற்பார்க்கிறது. வாடிக்கையாளரின் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் வெளிக் கணக்காளர் பார்த்து அறிக்கை தர வேண்டும். தொழிற்பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் கதவைத் திறக்க முடியாது. நிறுவனத்தை மூடிய பிறகும் ஆறு ஆண்டுகளுக்குக் காப்புறுதி தொடர வேண்டும், ஏனென்றால் காணிப் பிழை மெதுவாகத்தான் வெளிவரும். அதற்கும் மேலே நட்டஈட்டு நிதி ஒன்று உண்டு. யார் உரிமம் உள்ளவர் என்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். சேவையில் குறை என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, எட்டு வாரத்தில் தீராவிட்டால் சட்டத்துறைக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். 50,000 பவுண் வரை கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஒழுக்கக் கேடு என்றால் அது கவுன்சிலின் வேலை. எந்தப் பிழைக்கு எந்தக் கதவு என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

காப்புறுதியின் பெறுமதி 2018இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் நன்றாகத் தெரிந்தது. லண்டனில் ஒரு வீட்டை, சொந்தக்காரர் என்று நடித்த ஒருவர் 11 இலட்சம் பவுணுக்கு விற்றுப் பணத்தோடு மறைந்துவிட்டார். எங்கள் கந்தையாவின் கதையேதான். வாங்கியவரின் சட்டத்தரணிகளிடம் கவனக்குறைவு காணப்படவில்லை. ஆனாலும் உண்மையான விற்பனை நடக்காமலே வாடிக்கையாளரின் பணத்தை விட்டுக்கொடுத்தது நம்பிக்கை மீறல் என்று அவர்கள் பொறுப்பாக்கப்பட்டார்கள். விற்றவரின் பக்கத்துச் சட்டத்தரணிகளும் தப்பவில்லை. நட்டத்தைத் தாங்கக் காப்புறுதி உள்ள நிறுவனத்துக்கே இயலும், வாங்கியவருக்கு இயலாது என்பது அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்ட ஒரு காரணம். இங்கே அதே நட்டம் முழுதும் வாங்கியவரின் தலையில் விழுகிறது. நொத்தாரிசின் மேல் வழக்குப் போடலாம். வென்றாலும் அவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பதில்தான் முடியும்.

அப்படியே அங்கிருப்பதை இங்கே தூக்கி வைக்க முடியாது என்பதும் தெரியும். அங்கே அரசின் காணிப் பதிவகம் உரித்தையே பதிந்து, பிழை நேர்ந்தால் நட்டஈடும் கொடுக்கிறது. இங்கே பெரும்பாலும் உறுதிகளைத்தான் பதிகிறோம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் எங்கள் காணிகளை எட்டிப் பிடிக்க இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் காப்புறுதிக்கு உரித்துப் பதிவு தேவையில்லை. நொத்தாரிசு ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றிதழ் பெற்றே தொழில் செய்கிறார். அந்தச் சான்றிதழுக்குக் காப்புறுதிப் பத்திரத்தை ஒரு நிபந்தனையாக்கினால், காப்புறுதிக் கம்பனியே இரண்டாவது மேற்பார்வையாளராக வந்து நிற்கும். பட்டியலைப் பிந்தி அனுப்புகிறவருக்குத் தவணைப் பணம் கூடும். பதிவாளர் எழுதும் கடிதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தில் அதை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு, சொலிசிற்றர்களின் சபைக்குக் கட்டுப்பட்டவரல்ல. எட்டாம் ஹென்றி காலத்து 1533ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்த, கன்ரபரிப் பேராயரின் அதிகாரச் சபை ஒன்றுதான் இன்றும் அவரை நியமித்து ஒழுங்குபடுத்துகிறது. நல்லூர் வீதியில் இருக்கும் நாலு பரப்புக் காணிக்குப் பேராயர் முத்திரை வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் அந்த நொத்தாரிசு உண்மையில் இருக்கிறாரா என்று அந்தச் சபையின் பட்டியலில் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். இங்கே உறுதி முடிப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். பார்த்த பின்னும், தத்துவம் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் உயிரோடிருக்கிறாரா, தத்துவத்தை மீளப்பெற்றாரா என்று கேட்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. தத்துவத்தின் பிரதியை உறுதியோடு இணைப்பதால் மட்டும் இந்தக் கேள்விக்கு மறுமொழி வராது.

வெளிநாட்டிலிருக்கும் காணிக்காரர் வேலிக் கதியாலைப் பார்க்க ஆள் வைக்கிறார், தோம்பைப் பார்க்க வைப்பதில்லை. ஆவணங்கள் பதிவுச் சட்டத்தில் கேவியற் என்று ஒன்று இருக்கிறது. கட்டணம் கட்டி அதைப் பதிந்து வைத்தால், அந்தக் காணி பற்றி எவராவது ஓர் ஆவணத்தைப் பதியக் கொண்டுவரும்போது பதிவாளர் உங்களுக்கு அறிவித்தல் தர வேண்டும். அதற்குக் காலவரையறை உண்டு. முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். கொடுக்கும் முகவரி உள்ளூரில் கடிதம் வாங்கக் கூடியவருடையதாக இருக்கட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகவரியைக் கொடுத்தால் அறிவித்தல் படலையில் செருகப்பட்டு மழையில் கரையும். லண்டனில் வீடு உள்ளவர்கள் அங்குள்ள பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையில் 10 வீடுகள் வரை பதிந்து மின்னஞ்சலில் செய்தி பெறுகிறார்கள். அதே ஆட்கள் ஊர்க் காணிக்கு ஒரு கேவியற் போடாமலிருப்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

பதிவாளர் நாயகத் திணைக்களத்திடம் நாங்கள் கேட்பது மிகப் பெரிதல்ல. நொத்தாரிசுகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. நியமனப் பத்திரம் எந்த மொழியில், எந்தப் பகுதிக்கு, இவ்வாண்டுச் சான்றிதழ் பெற்றாரா, இடைநிறுத்தப்பட்டவரா, இறந்தவராயின் கோவைகள் எந்தப் பதிவகத்தில் உள்ளன என்ற விபரங்களும் மக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும். காப்புறுதிக்குச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். அதற்கு வடக்கின் சட்டத்தரணிகளே முன்கை எடுத்தால், நேர்மையாகத் தொழில் செய்யும் பெரும்பான்மையினரின் பெயரும் காப்பாற்றப்படும். அதுவரை, யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தின் அறிவித்தற் பலகையில் ஒவ்வொரு மாதமும் 16ஆம் திகதி காலை, முந்திய மாதப் பட்டியலை நேரத்துக்கு ஒப்படைத்த நொத்தாரிசுகளின் பெயர்களை ஒட்டலாம். வராதவர்களின் பெயரை எழுதத் தேவையில்லை. ஊர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும். 16ஆம் திகதி விடுமுறையானால் அடுத்த வேலைநாளில்.

இப்படிக்கு,
காணிப் பதிவு நடைமுறைகளில் பழகிய வாசகர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.